மூன்று ஒயர்

கயல்விழிக்குப் பிடிபடாதது ஒன்றுதான். மூன்று கம்பெனிகளின் எழுத்துத் தேர்விலும் அவள்தான் முதல். மூன்று நேர்காணலிலும் அவள்தான் வெளியே. பழுது எங்கே?

தொண்ணூற்றாறில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் கடைசி செமஸ்டர் பரீட்சையை அப்போதுதான் முடித்திருந்தாள். பழுதை முறையாகத்தான் தேடினாள். மோட்டார் ஓடவில்லையென்றால் முதலில் மெயின், பிறகு ஃபியூஸ், பிறகு ஸ்டார்ட்டர் என்று ஒவ்வோர் இடமாக டெஸ்ட் லேம்பை வைத்துக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் விளக்கு எரியவில்லையோ, பழுது அதற்குச் சற்று முன்னால் இருக்கும். அதுபோலவே கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் நோட்டில் எழுதிப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்தாள். எல்லா இடத்திலும் விளக்கு எரிந்தது.

மறுநாள், பாலிடெக்னிக்குக்கு ஆள் எடுக்க வரும் கடைசிக் கம்பெனி, பெரியநாயக்கன்பாளையத்துப் பம்ப் கம்பெனி. அதுவும் போனால் திங்கட்கிழமை மில்லில் நூல் சுற்றப் போக வேண்டியதுதான். அப்பா வேலன் அங்கே சொல்லிவைத்துவிட்டார்.

ஹாஸ்டல் அறைத் தோழி வெங்கடலட்சுமி துண்டின் நுனியை மூக்குக்குக் கீழே மீசையாகப் பிடித்துக்கொண்டு, கட்டிலில் அதிகாரிபோல உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள்.

“ஏம்மா, ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் எதுக்கு?”

“துண்ட மீசையாட்டம் புடிச்சுட்டுக் கேட்டா சிரிப்பு வருதுடி.”

“அங்க சிரிச்சுப்போடாத. பேப்பர் வெயிட்ட எடுத்து எறிஞ்சுபோடுவாங்க.”

நாற்பது கேள்விகள். ஒன்றிலும் கயல்விழி தடுமாறவில்லை.

மறுநாள் பம்ப் கம்பெனி அதிகாரி சென்னியப்பனும் அவற்றையே கேட்டார். கடைசியில் பேனாவை மூடிவைத்துவிட்டு, “ஒரு மோட்டார் தலைகீழாச் சுத்துச்சும்மா. நான் மூணு ஒயரையும் கழட்டி, ஒவ்வொண்ணையும் அடுத்த டெர்மினலுக்கு நகர்த்திப்போட்டேன். இனி நேராச் சுத்தும், இல்லியா?” என்றார்.

“ஆமாங்க சார்.”

அவர் காகிதத்தில் ஏதோ குறித்தார். “சரி, போயிட்டு வாம்மா.”

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை.

அறைக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். வெங்கடலட்சுமி விடவில்லை. அவர் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல வைத்தாள்.

“மூணையும் நகர்த்துனா எப்படிடி திரும்பிச் சுத்தும்?”

“சுத்தாது. தெரியும்.”

“அப்புறம் எதுக்கு ஆமாங்கன்னே?”

“அவரே சொல்றாரு. பெரியவரு. மூஞ்சிக்கு நேரா எப்படி இல்லீங்கறது?”

சொல்லி முடித்ததும் கை நின்றது. முதல் கம்பெனியிலும் ஒருவர் இப்படித்தான் தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தார். இரண்டாவதிலும். மூன்றாவதிலும். ஒவ்வொரு முறையும் ‘ஆமாங்க’ என்றிருக்கிறாள். அதை அவள் நோட்டில் எழுதவேயில்லை. பதில் என்று நினைத்திருந்தால்தானே எழுதுவதற்கு? மரியாதை என்றல்லவா நினைத்திருந்தாள்.

ஊரில் அப்பா கூலிக்குப் போகும் தோட்டத்தில் காற்று எதிரே அடிக்கும்போது, நிலத்துக்காரரான பண்ணாடி, “காத்து அந்தப்பக்கம்தான் போகுது, அடிடா” என்பார். “ஆமாங்க பண்ணாடி” என்று சொல்லிவிட்டு, மருந்து முகத்தில் தெறிக்கத் தெறிக்கப் பருத்திக்கு அடிப்பார் அப்பா. பார்த்து வளர்ந்தவள் அவள். பழுது இருந்த இடம் நோட்டுக்கு வெளியே, அவ்வளவு பின்னால்.

“இப்பத் தெரிஞ்சு என்ன பண்ண? இனி வர்றதுக்குக் கம்பெனி இல்ல,” என்றாள். கண்ணீர் மடித்த தாவணிமேல் விழுந்தது.

 வெங்கடலட்சுமி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த முறை மீசை வைக்கவில்லை.

“மூணு ஒயரையும் நகர்த்திப்போட்டேன். இனி நேராச் சுத்தும், இல்லியாம்மா?”

கயல்விழி எழுந்து நின்றாள்.

“இல்லீங்க சார். மூணு பேர் வட்டமா நின்னு ஆளுக்கு ஒரு எடம் நகந்தாலும், யாருக்கு அடுத்து யாருங்கறது மாறாதுங்க. அதனால மோட்டார் பழையபடிதான் சுத்துமுங்க. ஏதாச்சும் ரெண்டு ஒயர மட்டும் எடம் மாத்தோணுங்க.”