சேதுலட்சுமியின் சட்டி

நகைப்பட்டறைகளில் கூட்டி அள்ளிய தூசியைக் கழுவித் தங்கம் எடுக்கும் வேலை சேதுலட்சுமிக்கு. ராமநாதபுரத்தில் சீனி முகம்மதுவிடம் பதினாலு வருஷமாக. தூசியில் பாதரசம் விட்டுப் பிசைந்து, தங்கத்தோடு திரளும் உருண்டையைத் திறந்த சட்டியில் சுடுவாள். பாதரசம் புகையாய்ப் போகும், தங்கம் நிற்கும். அந்தச் சட்டியை வேறு யாரும் தொட்டதில்லை.

போன வருஷம் சுஹா வந்தாள். ஏர்வாடிப் பெண், வேதியியல் படித்தவள். மூடிய இரும்புக் கலத்தில் சுட்டு, புகையைக் குழாய் வழியே குளிரவைத்துப் பாதரசத்தைத் திரும்பப் பிடித்தாள்.

"சொட்டுக்கூட வீணாகல பாருங்க!" என்று முதலாளி வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். சேதுலட்சுமிக்கு வயிறு எரிந்தது. அதைவிட, உருண்டையை எடுக்கும்போது அசையாமல் நிற்கும் சுஹாவின் விரல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். சுஹா உள்ளறையில் தொழுதுகொண்டிருந்தாள். அவர் வருவதற்குள் தன் வழியிலேயே ஒரு உருண்டையைச் சுட்டு முடித்துக் காட்டிவிட வேண்டுமென்று சேதுலட்சுமி கொல்லையில் பழைய சட்டியை ஏற்றினாள். பாதியிலேயே கை நடுங்கி இடுக்கி நழுவியது. உருண்டை மண்ணில் விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த சுஹா, மாஸ்க்கை இழுத்து மாட்டிக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

"காத்துக்கு எதிரா இங்கிட்டு வாங்கக்கா! எத்தன மாசமா கை இப்படி நடுங்குது?"

புருஷன்கூடக் கவனிக்காததை இவள் கவனித்துவிட்டாள்.

"ஒனக்கு என்னடி? நீ வந்தப்புறந்தான் எல்லாம் கெட்டுச்சு."

முதலாளி வந்ததும் சுஹா எதையும் மறைக்கவில்லை. "அக்காதான் சட்டியில சுட்டாங்க. தப்பு அவங்க மேல மட்டும் இல்ல. இத்தன வருஷமா நீங்கதான இதுல சுடச் சொன்னீங்க? பாதரசப் புகை விஷம், அவங்களுக்கு டெஸ்ட் எடுக்கணும்."

மதுரையில் எடுத்த பரிசோதனையில் சிறுநீரில் பாதரசம் அதிகமாக இருந்தது. நெருப்புப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். முதலாளி செலவை ஏற்றுக்கொண்டு, அவளை வெளியறையில் தூசி மூட்டைகளை நிறுத்து வாங்கும் வேலையில் வைத்தார்.

நடுக்கம் மெல்லக் குறைந்தது. பொறாமை குறையவில்லை. கலத்தின் முன்னால் நிற்கும் சுஹா எங்கே பிசகுவாள் என்று சேதுலட்சுமி ஜன்னல் வழியே பார்த்தபடியே இருந்தாள். ஒருநாள் கிடைத்தது.

"ஏ புள்ள, மாஸ்க்குல வடிகட்டி மாத்தலயே. தேதி குறிச்சு வச்சிருக்கேன், முந்தாநாளே மாத்திருக்கணும்."

சுஹா திடுக்கிட்டுப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து வடிகட்டியை மாற்றினாள்.

"மறந்தே போச்சுக்கா."

அன்று முழுக்க சேதுலட்சுமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.