சும்மா கிடைப்பது

இந்தக் கதையில் எதைச் சரியாக நினைவு வைத்திருக்கிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை. கல்லாற்றுக்குப் போன வேன் வெள்ளையா மஞ்சளா, அன்று மலைமேல் மழை பெய்திருந்ததா இல்லையா என்பதெல்லாம் யோசிக்கும் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. பேசியவர்களுடைய வார்த்தைகளில் சில இத்தனை நாளில் என் வார்த்தைகளாகவே ஆகிப்போயிருக்கலாம். ஆனால் ஜெபமலருக்கு வந்த எரிச்சலை மட்டும் நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மண்டி ஒன்றின் மாடியில் ஜெபமலர் போகிற சபை. ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு விடுமுறை உண்டு, நெடிக்குக் கிடையாது. ஜெபத்தில் யாராவது கண்ணைத் துடைத்தால் அது மனந்திரும்பியதாலா மிளகாயாலா என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. போதகர் சுஜின், ஜெபமலரின் தம்பி. தாய் இறந்தபின் அவனை வளர்த்ததும், வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பியதும் அவள்தான். ஆகவே சபையார் முன்னால் ‘பாஸ்டர்’ என்பாள், மற்ற நேரத்தில் ‘எலே’.

கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவு அவள் பொறுப்பு. பகலெல்லாம் சேலைகளை விரித்துப் போட்டு, ஒன்றும் வாங்காமல் எழுந்துபோகிறவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஞானஸ்நான வகுப்பு எடுக்க மாடியேறுவாள். அந்த வருடம் அவள் வகுப்பில் எடுத்தது, வேதாகமத்தில் பவுல் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய கடிதம். அந்த நிருபம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். மற்றச் சபைகளுக்கு எழுதும்போது நன்றி, நலம் என்று ஆரம்பிக்கிற மனுஷர், இதில் வாழ்த்து முடிந்த கையோடு திட்ட ஆரம்பித்துவிடுகிறார். கிருபையை வாங்கிக்கொண்ட ஜனங்களிடம் யாரோ வந்து, இதெல்லாம் போதாது, முதலில் நியாயப்பிரமாணச் சட்டப்படி விருத்தசேதனம் செய்துகொள் என்று சொன்னதால் வந்த எரிச்சல். அந்த எரிச்சலில் ஜெபமலருக்குத் தன் குரலே கேட்டது.

வகுப்புக்கு வந்தவர்களில் ஒருத்தி பூமாரி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கொத்தனாருக்குக் கலவையும் கல்லும் எடுத்துக் கொடுக்கிற வேலை. இங்கே அதை மைக்காடு என்பார்கள். புருஷன் இசக்கிப்பாண்டி கொத்தனார். கரமனையில் ஆற்றோரம் ஒற்றை அறை வாடகை வீடு. ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகும் பூமாரி மட்டும் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா?”

“எலிசாள் மாமி சொன்னாகக்கா. தாலியக் கழட்டிட்டுத்தான் தண்ணியில எறங்கணுமாமே?”

சபையின் வழக்கம் அதுதான். பொன் நகை போட்டுக்கொண்டு யாரும் ஞானஸ்நானத்துக்கு இறங்கக் கூடாது. தாலியும் பொன்தான்.

“வீட்டுல அவியகிட்ட கேட்டேன். முங்கு, எந்திரி, எனக்கென்னன்னாக. ஆனா கழுத்துல தாலி இல்லாம வந்தேன்னா அன்னைக்கே ஊரு பஸ்ஸுல ஏத்திவிட்டுருவாகளாம். சொன்னாச் செய்யுத ஆளு அவிய.”

ஜெபமலர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே யாரோ மூட்டையைப் புரட்டினார்கள். இருவரும் மாறி மாறித் தும்மினார்கள்.

மறுநாள் அவள் தம்பியிடம் போய் நின்றாள்.

“எலே, நாலு ஞாயிறா கலாத்தியரப் பத்தித்தானே பேசுத? நியாயப்பிரமாணத்தால இல்ல, விசுவாசத்தாலன்னு மைக்க ஒடைக்கலையா நீ?”

“அதொக்கே செரி அக்கா. அது ரட்சிப்பு. இது சபை ஒழுங்கு.”

“ஒழுங்குன்னா சட்டம் இல்லாம பின்ன என்ன?”

“சட்டத்துக்குக் கீழ நம்ம இல்ல. ஒழுங்குக்குக் கீழதான்.”

“இதச் சொல்லத்தானா ஒன்ன காலேஜுக்கு அனுப்பினேன்? அந்தப் பொம்பளை வீட்ட இழந்துட்டு வந்தாத்தான் ஒன் ஆத்துல தண்ணி ஓடுமா?”

சுஜின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “நான் சரின்னு சொல்லலாம் அக்கா. எலிசாள் மாமிகிட்ட யாரு சொல்லுது?”

எலிசாள் அந்தச் சபையில் முதன்முதலாகச் சேர்ந்த ஆத்துமாக்களில் ஒருத்தி. சந்தோஷமாக இருந்தால் ஜெபமலரை மலையாளத்தில் ‘மோளே’ என்பாள், கோபம் வந்தால் ‘சிஸ்டர்’. அன்று எடுத்த எடுப்பிலேயே சிஸ்டர்தான்.

“சிஸ்டர், நான் கழட்டினப்ப எனக்காக யாரு சண்டை போட்டா? எங்க வீட்டுக்காரர் சாகுறவரைக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல. அது ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் மாமி.”

“அப்ப அவளுக்கு மட்டும் என்ன தனிப் பரலோகமா? அவளுக்குக் கழட்ட வேண்டாம்னா, நான் எதுக்குக் கழட்டினேன்?”

இந்தக் கேள்விக்குப் பவுலைக் கேட்டாலும் பதில் கிடைத்திருக்குமா என்று ஜெபமலருக்குச் சந்தேகமாக இருந்தது. காலையிலிருந்து வெயிலில் உழைத்தவனுக்கும் பொழுது சாய வந்தவனுக்கும் ஒரே கூலி என்று கர்த்தர் சொன்ன உவமையை மேடையில் சொல்வது சுலபம். வெயிலில் நின்ற ஒருத்தி எதிரே உட்கார்ந்துகொண்டு முகத்தைப் பார்க்கும்போது சுலபமில்லை. ஜெபமலர் எழுந்து வந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்கக் கடையில் சேலை மடிக்கும்போதெல்லாம் எலிசாளின் கேள்வியும் கூடவே மடிந்து மடிந்து விரிந்தது.

ஆனாலும் விடவில்லை. பூமாரியைத் தாலியோடு இறக்காவிட்டால் இனி வகுப்பு எடுக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றாள் தம்பியிடம். அவன் இரண்டு நாள் ஜெபித்துவிட்டு ஒரு வழி கொண்டுவந்தான். தாலியை ஜாக்கெட்டுக்குள்ளே தள்ளி ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும், மேலே துண்டு போர்த்திக்கொள்ள வேண்டும், யார் கண்ணிலும் படக் கூடாது.

“ஆண்டவர் கண்ணுலயுமா?” என்று கேட்டாள் ஜெபமலர்.

“அக்கா, ஜெயிச்சுட்டே இல்லே? பின்னே என்ன?”

ஜெயித்தாள்தான். ஞானஸ்நானத்துக்காகக் கல்லாற்றுக்குப் போகிற வேனில் பூமாரி அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். பின் இருக்கையில் எலிசாள் தன் ஞானஸ்நானக் கதையை, வீட்டுக்காரர் தட்டை எறிந்ததுவரை, யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். பூமாரி நிஜமாகவே தூங்கினாளா என்று ஜெபமலர் அப்போது யோசிக்கவில்லை.

பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் வண்டி நிறுத்திச் சாயா குடிக்கிற இடம் கல்லாறு. கடைகளுக்குக் கீழே, உருண்ட பாறைகளுக்கு நடுவே ஆழமில்லாத ஓர் ஓரம். சுஜின் இடுப்பளவு தண்ணீரில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தான். பூமாரி வெள்ளைச் சேலையில், துண்டைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காய்ச்சல்காரி மாதிரி இறங்கினாள். முங்கி எழுந்தாள். கரையில் பாட்டு எழும்பியது. தாலி உள்ளே பத்திரமாக இருந்தது. ஜெபமலர் பாறையில் உட்கார்ந்து, பல வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாக ஒரு மூச்சை முழுதாக விட்டாள்.

பிறகு கரையில் ஒரு சின்ன ஆராதனை. பாட்டு நடக்கும்போது காணிக்கைப் பை கைமாறிப் போயிற்று. அதைப் பிடிக்கிறவள் எலிசாள். பை திரும்பி அவளிடம் வந்ததும், கை விட்டுப் பார்த்தவள் பாட்டை நிறுத்தினாள். வெளியே வந்த கையில், இன்னும் ஈரம் சொட்டுகிற மஞ்சள் கயிறும் தாலியும் தொங்கின.

“ஸ்தோத்திரம்!” என்றாள் எலிசாள். “பாத்தியா மோளே? ஆவியானவரே பேசிட்டார்!”

ஜெபமலர் பூமாரியின் கையைப் பிடித்துப் பாறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“என்னட்டி செஞ்சு வச்சிருக்க? கழுத்துல கெடக்கட்டும்னு நான் ஊரையே பகைச்சு வாங்கிக் குடுத்தா, நீ தூக்கிப் பையில போட்டிருக்க! மாமி சொன்னதக் கேட்டு ரோஷமா?”

“இல்லக்கா. அவியளுக்காகப் போட்டேன்.”

“எவியளுக்காக?”

“எங்க வீட்டுல. ஆறு மாசமா இருமல். ராத்திரியெல்லாம் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காக. சிமெண்டுப் பொடியாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா வரமாட்டேங்குதாக. எங்க ஊர்ல புருஷன் உசுருக்கு ஒண்ணுன்னா அம்மனுக்குத் தாலியத்தான் உண்டியல்ல போடுவோம். இப்ப அம்மனுக்குப் போட முடியாதுல்லா? அதான் இந்த ஆண்டவருக்குப் போட்டேன்.”

ஜெபமலர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நேர்ச்சையா? இது நேர்த்திக்கடனா? எத்தன வாரமாட்டி தொண்டை கிழியக் கத்தினேன்? கிருபைன்னா சும்மா. சும்மா! ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்குதது இல்ல. ஆண்டவர்கிட்ட பேரம் பேசுதது இல்ல.”

“பேரமில்லக்கா. எனக்குன்னு சொந்தமாக் கேட்டா சும்மா வாங்கிக்கிடுவேன். நீங்க சொன்னீகல்லா? அவியளுக்குக் கேக்கையில வெறுங்கையோட எப்படிக்கா கேக்க?”

“வெறுங்கையோடதான் கேக்கணும்!”

“அது எனக்கு வரமாட்டேங்குதுக்கா.”

ஆறு பாறைகளில் இடித்து ஓடியது. திட்டுவதற்கு இன்னும் எத்தனையோ இருந்தது. ஆனால் ஈரத் தலையோடு நிற்கிறவளை இன்னும் எப்படித் திட்டுவது? கடைசியில் எழுந்துபோய்ச் சுஜினிடம் தாலியைக் கேட்டாள்.

“காணிக்கையாப் போட்டதைத் திருப்பிக் குடுக்கக் கூடாது அக்கா” என்றான் அவன், தலையைத் துவட்டிக்கொண்டே. “அது...”

“சபை ஒழுங்கு. அப்படித்தானே?”

“ஆமா.”

“நல்லா இருலே” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

பூமாரியைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. சாயங்காலம் இருவரும் கரமனையில் இறங்கி நடந்தார்கள். இசக்கிப்பாண்டி அறைக்குள் உட்கார்ந்து மத்தியான மீனைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்ததும் அவன் கண் முதலில் மனைவியின் கழுத்துக்குத்தான் போயிற்று. அடுப்பை அணைத்தான்.

“கழட்டிட்டாகளா, டீச்சரம்மா?”

“இல்லப்பா. கழட்ட வேண்டாம்னு நாங்க...” அந்த ‘நாங்க’வை ஜெபமலர் பாதியில் விட்டாள். “தாலியோடதான் முங்கினா.”

“பொறவு?”

“அவளாத்தான் கழட்டினா.”

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, குனிந்து சுவரைப் பிடித்துக்கொண்டான். “சபைக்காரன் கழட்டினான்னா மேல மாடிக்கே வந்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். மனசுக்குள்ள அதுக்குத் தயாரா இருந்தேன். இப்ப யார்கிட்டப் போயிச் சண்டை போட? ஏட்டி, கட்டாயம் இல்லன்ன பொறவுமா கழட்டின? அம்புட்டு வெறுத்துப் போச்சா என்னைய?”

பூமாரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ சொல்லு, நீயே சொல்லித் தொலை என்று ஜெபமலர் உள்ளுக்குள் பல்லைக் கடித்தாள்.

“உண்டியல்ல போட்டுட்டேன்” என்றாள் பூமாரி.

“என்னது?”

“அவுக உண்டியல்ல. பையி மாதிரி இருக்கும். அதுல போட்டேன்.”

இசக்கிப்பாண்டி அவளையே பார்த்தான். ஒரு பெண் தாலியைக் கழற்றி உண்டியலில் போட்டாள் என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு எந்த டீச்சரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. அவனைப் பெற்றவள் போட்டிருப்பாள், சித்தி போட்டிருப்பாள். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. பார்க்கக் கூடாததைப் பார்ப்பது போலிருந்ததால் ஜெபமலர் வெளியே பார்த்துக்கொண்டாள்.

“கூறுகெட்டவ” என்றான் அவன், ரொம்பத் தாழ்ந்த குரலில். “வெறும் இருமலுக்கா?”

“நீரு ஆஸ்பத்திரிக்கு வரலைல்லா.”

“வாரேன்ட்டி. நாளைக்கே வாரேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெபமலரிடம் திரும்பினான். “டீச்சரம்மா, எங்க வழக்கத்துல இப்படிப் போட்டுட்டு வந்தா, புருஷன் புதுசா ஒரு மஞ்சக் கயிறு கட்டணும். கட்டாம விடக் கூடாது. நான் கட்டலாமா? இல்ல, ஒங்க சபையில கேட்டுச் சொல்லுதீகளா?”

இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலையில்தான் முங்கி எழுந்தவள், சாயங்காலம் நேர்ச்சைக்கு மஞ்சள் கயிறு. கலாத்தியாவுக்கு எழுதிய மனுஷர் இதைக் கேட்டால் இன்னொரு நிருபம் எழுதுவார். கூடாது என்று சொன்னால் அவளும் இன்னொரு சுஜின். கட்டு என்று சொன்னால், இத்தனை வாரமாகக் கற்றுக்கொடுத்தது என்ன? பூமாரியிடம் இருப்பது விசுவாசமா, பழைய பயத்துக்கு வைத்த புதுப் பெயரா? அவளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. தன்னிடம் இருப்பதும் எதுவென்று சொல்லத் தெரியவில்லை. தெருவில் ஒரு பஸ் போகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது. இசக்கிப்பாண்டி அவசரப்படாமல் காத்திருந்தான்.

“என்னைய எதுக்குப்பா கேக்க?” என்றாள் கடைசியில், அழுகிற மாதிரியான எரிச்சலோடு. “ஒம் பொண்டாட்டி. ஒங் கை. கட்டித் தொலை. யார்கிட்டயும் கேக்காதே.”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினான்.

இசக்கிப்பாண்டிக்கு நெஞ்சில் சிமெண்டுத் தூசி படிந்திருந்தது. மருந்து சாப்பிட்டான். முழுதாகக் குணமாகவில்லை. பூச்சு வேலையை விட்டுவிட்டு ஒரு ஹோட்டலில் காவலாளியாக இருக்கிறான். பூமாரி இன்னும் மைக்காடு வேலைக்குத்தான் போகிறாள். ஞாயிறுதோறும் மஞ்சள் கயிற்றோடு சபைக்கு வருகிறாள், திருவிருந்தில் அப்பமும் எடுக்கிறாள். சுஜின் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. எலிசாள் சில மாதங்கள் பூமாரியின் பக்கத்தில் உட்காராமல் இருந்தாள், பிறகு மார்த்தாண்டத்தில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். போன வருடம் அங்கேயே இறந்தாள். ஜெபமலர் ஞானஸ்நான வகுப்பை விட்டுவிட்டாள். துணிக்கடையில்தான் இருக்கிறாள்.