சத்தியபாயின் மக்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாவு வீட்டில் கிடைத்தது. கிடைத்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. கேரளத்தின் தென்கோடியில், குன்னத்துகாலில், வாடகை நாற்காலியில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்தபடி, இறந்தவரின் மகள் ஜினியோடு கல்லூரியில் படித்தவள் என்ற உரிமையில் ஒட்டுக்கேட்டு எடுத்துக்கொண்டேன். இதுவரை நான் எழுதியவை குடும்பக் காதல் கதைகள். கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். அந்த வீட்டிலோ ஒருவனை ஒரே ஒரு வரியில் சேர்க்க முடியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சோமாய் ஓர் அனாதை. கருணையே உருவான ஒரு தாய் அவனை வாரி அணைத்து—"

அடித்துவிட்டேன். இறந்துபோன சத்தியபாய் யாரையும் வாரி அணைக்கிற ஆள் இல்லை.

2

அவர் கல்குவாரித் தொழிலாளர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர். பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் குவாரியில் பாறை சரிந்து ஒரு கணவனும் மனைவியும் இறந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய ஐந்து வயது மகன் சோமாய் அப்போது சமையல் கொட்டகையில் இருந்தான். "ஆராவது வருவினும். அதுவரை இஞ்ச நிக்கட்டு" என்றார் சத்தியபாய். யாரும் வரவில்லை. அடுத்த ஜூனில் அவனைப் பள்ளியில் சேர்த்து, தாய் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். அவ்வளவுதான் அவருடைய கருணை. ஒரு கட்டம்.

ஊர் அவனுக்கு வைத்த பெயர் பெங்காளி. (குறிப்பு: ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், அசாம் எல்லாமே எங்களுக்கு வங்காளம்தான். அடுத்தவன் ஊரைப் பற்றி எங்களுக்கு அவ்வளவுதான் பொறுமை.) வகுப்பில் பென்சில் காணாமல் போனால் முதலில் அவன் பையைக் கவிழ்ப்பார்கள். பத்தாம் வகுப்பில் மலையாளத்தில் அவன் ஏ பிளஸ் வாங்கியபோது, "பெங்காளிக்குக் கிட்டினது உனக்குக் கிட்டேல்லியேலே" என்று வீடுதோறும் பையன்களுக்கு அடி விழுந்தது. அவனை ஒருவரும் பாராட்டவில்லை. ஒரு திருவிழாவில் செயின் தொலைந்தபோது நாலு பேர் அவன் சட்டையைத் தடவினார்கள். செயின் அதன் சொந்தக்காரியின் குளியலறையிலேயே கிடந்தது. அதற்காக யாரும் வாய் திறக்கவில்லை.

இனி கனகதாஸ். சத்தியபாயின் தம்பி. திருவனந்தபுரத்தில் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் தமிழ் பேசுகிறவர் என்பதால் அவரை இளக்காரமாக 'பாண்டி' என்றே கூப்பிட்டார்களாம். நாற்பது வருடமாகியும் அந்தப் புண்ணை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் திறந்து காட்டுவார். கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். பிறகு கை கழுவிவிட்டு வெளியே வந்து, "எலே பெங்காளி, அந்த செம்பை எடுத்து வை" என்பார்.

(இவரை யாரும் நம்பமாட்டார்களோ என்று சந்தேகப்பட்டு, கொஞ்சம் நல்ல குணம் தேடினேன். கிடைத்தது. அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் இவர் வராந்தாவில்தான் படுத்திருந்தார். அதைச் சேர்த்ததும் ஆள் இன்னும் மோசமாகத் தெரிகிறார். நான் என்ன செய்ய?)

3

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், குளிப்பாட்டி முடிப்பதற்குள் ஃபிளெக்ஸ் தயாராக வேண்டும். படம், வயது, அடக்க நேரம், கீழே மக்கள், மருமக்கள் பெயர்கள். மக்கள் என்றால் பிள்ளைகள். மின்கம்பம் மின்கம்பமாகக் கட்டுவார்கள். அதில் பெயர் இருந்தால் அந்த வீட்டு ஆள். இல்லையென்றால் நாற்காலி இறக்க வந்த ஆள்.

காலை எட்டு மணிக்கு ஃபிளெக்ஸ் கடை தீபு ஃபோனில் மாதிரி அனுப்பினான். 'மக்கள்: ஜினி, சோமாய்.' ஜினி எழுதிக் கொடுத்தது.

"இது ஆருக்க பேரு?" என்றார் கனகதாஸ்.

"பின்ன அவன் ஆரு மாமா?"

"வளத்தா மகனாயிருமா? இந்தப் பேரைக் கண்டா சனம் என்ன சொல்லும்? அக்காளுக்குப் பெங்காளிகிட்ட ஏதோ பந்தம்னு சொல்லுவினும்."

"சொல்லியவன் சொல்லட்டும்."

"உனக்கென்ன, பத்து நாளு கழிஞ்சா மஸ்கட்டுக்குப் பெயிருவ. நானில்லா இந்த ஊர்ல இருக்கணும்!"

சோமாய் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. அவனுக்கு வேறு எதிலும் ஆசையில்லை. அவன் பையைக் கவிழ்த்தவர்களும் சட்டையைத் தடவியவர்களும் நடக்கிற வழியில், பதினைந்து கம்பங்களில், அந்த அம்மையின் படத்துக்குக் கீழே தன் பெயர் ஒரே ஒரு நாள் தொங்கவேண்டும்.

கனகதாஸுக்கு ஒரு யோசனை வந்தது. "எலே, இஞ்ச வா. உனக்க பேரைப் போடியோம். சாம்னு. சாம்னா ஒருத்தனும் கேக்கமாட்டான். செரிதானே?"

"அம்ம என்னை சாம்னு விளிச்சதில்ல மாமா."

"அவதான் போயாச்சே."

"சோமாய்னா போடுங்க. இல்லெங்கி போடாண்டாம்."

"கண்டியா திமிரை!"

ஜினி அழுதாள். நான் கட்டன்சாயா குடித்தேன். (இந்த வரியை மூன்று முறை நீக்கினேன். நீக்கினால் நான் நல்லவளாகிவிடுகிறேன்.)

போடு, எடு, சாம், வேண்டாம் என்று ஒன்றரை மணி நேரம் ஓடியது. கடைசியில் தீபுவே சலித்துப்போனான். "மாமா, இன்னும் ரெண்டு மரணம் வெயிட்டிங்கிலாக்கும். பிரிண்டு குடுக்கட்டா?"

"குடு" என்றார் கனகதாஸ். 'மக்கள்: ஜினி.'

பதினைந்து கம்பங்களிலும் கட்டியாயிற்று. அரை மணி நேரத்தில் முதல் அழைப்பு வந்தது. "கனகதாசே, அடக்கம் எப்பம்?" பிறகு இரண்டாவது. பிறகு எட்டாவது. கனகதாஸ் சாலைச் சந்திப்புக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். பெயரை வைத்து வைத்து எடுத்ததில், அடக்க நேரம் இருந்த வரியும் எப்போதோ போய்விட்டிருந்தது. ஒருவனை வெளியே நிறுத்துவதில் இருந்த மும்முரத்தில், இறந்தவளை எப்போது புதைக்கப்போகிறோம் என்று சொல்லக்கூட மறந்திருந்தார்கள்.

புது ஃபிளெக்ஸ் அடிக்க நினைத்தால் தீபு கடையில் கரண்ட் இல்லை. மூத்த சொந்தங்களுக்கு வாட்ஸ்ஆப்பில் சொன்னால் மரியாதை இல்லை, ஆள் போகவேண்டும். செங்கல் என்கிற ஊரில் தொடங்கி, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்கு அப்பால் வரை பதினேழு வீடுகள். எல்லா வீட்டுக்கும் வழி தெரிந்தவன் ஒருவன்தான். ஞாயிறுதோறும் சத்தியபாயைப் பைக்கில் கூட்டிப்போய், அவர் உள்ளே பேசி முடிக்கும்வரை கேட்டுக்கு வெளியே நின்றவன்.

"மக்கா," என்றார் கனகதாஸ். பிள்ளையைக் கூப்பிடுகிற சொல், பதினான்கு வருடத்தில் முதல்முறை. வேலை என்று வந்தால் எங்கள் நாக்கு எவ்வளவு இனிக்கிறது! "நீ ஒண்ணு போயி சொல்லிட்டு வா. நாலு மணின்னு சொல்லு."

சோமாய் பைக் சாவியை எடுத்தான்.

4

முடிவு அ: கனகதாஸ் மனம் உருகி, புது ஃபிளெக்ஸில் அவன் பெயரை— இது என் பழைய வாசகிகளுக்குப் பிடிக்கும். கனகதாஸுக்கும் பிடிக்கும். ஆகவே இல்லை.

முடிவு ஆ: சோமாய் பைக்கைப் போட்டுவிட்டு ஜார்க்கண்டுக்கு ரயிலேறுகிறான். அங்கே அவனை மலையாளி என்று சொல்லித் துரத்த ஆள் இருக்கமாட்டார்களா என்ன? இதுவும் இல்லை.

எனக்குத் தெரிந்தது ஒரு வீடுவரைதான். செங்கலில் முதல் வீடு. சோமாய் சொன்னதை, பின்சி என்ற உறவுக்காரி கேட்டைத் திறக்காமலே கேட்டிருக்கிறாள்.

"சத்தியபாய் அம்ம மரிச்சு. இண்ணைக்கு நாலு மணிக்கு அடக்கம்."

"அய்யோ! சொல்லியதுக்கு நீ ஆருலே?"

அவன் என்ன சொன்னான் என்று பிறகு அவனிடமே கேட்டேன். "கேட்டவங்ககிட்ட சொல்லியாச்சு சேச்சி" என்றான். "கதைக்குச் சொல்லமாட்டேன்."

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. பாக்கி பதினாறு வீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்களுடையது. பைக் சத்தம் கேட்கிறதா? அவன் கேட்டுக்கு வெளியே நிற்கிறான், வந்த செய்தியைச் சொல்லிவிட்டான். நீங்கள் அவனிடம் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று பார்க்க, நானும் இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன்.

சீக்கிரம். அடக்கம் நாலு மணிக்கு.