அத்தையின் முதல் முதலீடு

வரும் வழியிலேயே கேட்டிருக்க வேண்டும், பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை, கூட்டமும் இல்லை, அத்தை, இரண்டாவது கடை போட நல்ல இடம் வந்திருக்கிறது, உங்கள் ஓய்வுத் தொகையைக் கொடுத்தால்... என்று ஆரம்பித்திருந்தால் போதும், மீதியை அவரே புரிந்துகொண்டிருப்பார், ஆனால் நான் ஜன்னல் வழியே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்துவிட்டேன், இப்போது பார், முதலீட்டு ஆலோசகரின் அறையில் நான் ஓர ஸ்டூலில், என் மாமியார் நடு நாற்காலியில், கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஏதோ இவர்தான் அந்த ஆலோசகரை வேலைக்கு எடுக்க வந்தவர் மாதிரி. ஆலோசகர் சின்னப் பெண், அவள் மூக்குக்கண்ணாடி இடது பக்கம் சரிந்திருக்கிறது, கழற்றிக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் நேராக்கிவிடுவேன், கண்ணாடிக் கடைக்காரனுக்கு முதலில் பிரேம்தான் தெரியும், மனிதர் பிறகுதான். நான் பார்த்து வைத்திருக்கும் அந்த இடம், மூலைக் கடை, அதன் உரிமையாளர் நாளைக்குள் முன்பணம் வேண்டும் என்கிறார். "எங்க அம்மாகிட்ட நீங்களே கேட்டுக்கோங்க, என்னை நடுவுல இழுக்காதீங்க" என்று மனைவி கை கழுவிவிட்டாள்.

நான் போட்ட கணக்கே வேறு. சந்தை, ஏற்ற இறக்கம், நஷ்டம் என்று நாலு வார்த்தை காதில் விழுந்தால் அத்தை மிரண்டுபோய் எழுந்துவிடுவார், வெளியே வந்ததும் நான் மெதுவாகப் பேச்சை எடுப்பேன், இதுதான் திட்டம், இதற்காகத்தான் கடையை அரை நாள் பூட்டிவிட்டுக் கூட வந்தேன்... கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் யாருக்காக, அவர் பெண்ணுக்காகவும்தானே? போன மாதம் துணி மடித்துக்கொண்டே, "அந்தப் பணத்தை எங்கயாவது முதலீடு பண்ணலாம்னு இருக்கேன்" என்று ஒரு தடவை சொன்னார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் அத்தை ஒரு தடவை சொன்னது செல்லாது. பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தே வேலைக்காலம் முழுவதும் ஓட்டியவர், வண்டி வருவதையும் போவதையும் இரண்டிரண்டு முறை அறிவித்து அறிவித்து, வீட்டிலும் "குளியலறை காலி, குளியலறை காலி" என்றுதான் சொல்வார், மாமா இருந்தவரை எங்களுக்கெல்லாம் அது பெரிய சிரிப்பு. போன வாரம் முதலீட்டுப் பேச்சை இரண்டாவது முறை எடுத்தார், அப்போதாவது நான் விழித்திருக்க வேண்டாமா?

கடன் இருக்கிறதா என்று ஆலோசகர் கேட்டாள். இல்லையாம். திடீரென்று உடம்பு முடியாமல் போனால் எடுப்பதற்கு? ஒரு வருடச் செலவுக்கானது பேங்கில் தனியாக இருக்கிறதாம், இன்னொரு பங்கு வைப்புத்தொகையில் கிடக்கிறதாம், மீதிதான் இங்கே, அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் மாதாமாதம் கொஞ்சமாக... இதையெல்லாம் எப்போது யோசித்தார்? நானும் அதே வீட்டில்தானே சாப்பிட்டுத் தூங்குகிறேன்? "சந்தை விழுந்தா உங்க பணம் பாதிகூட ஆயிடலாம் மேடம்" என்றாள் அந்தப் பெண், அப்படிச் சொல்லும்மா, இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லு என்று நான் உள்ளுக்குள் தாளம் போட்டேன். அத்தை அசையவில்லை. "திரும்ப ஏறுமா?" "இதுவரைக்கும் ஏறியிருக்கு, ஆனா எப்பன்னு யாராலும் சொல்ல முடியாது." "அப்ப தாமதம்னு சொல்லுங்க" என்றார் அத்தை, வெகு இயல்பாக. பெண் சிரித்துவிட்டாள். "சில வண்டி வராமலேயே போயிடும், அதுக்கு என்ன வழி?" என்று அடுத்த கேள்வி. ஒரே கம்பெனியில் போட்டால் அந்த ஆபத்து உண்டு, பல கம்பெனிகளில் பிரித்துப் போடும் ஃபண்டு என்றால் ஒன்று கவிழ்ந்தாலும் மொத்தமும் போகாது என்று அவள் விளக்க, "ஏறினாலும் எறங்கினாலும் நீங்க எடுத்துக்கறது எவ்வளவு?" என்றாரே பார்க்கலாம்! கட்டணத்தைச் சொன்னதும், இதைவிடக் குறைவாக எடுப்பது உண்டா என்று கேட்டு, உண்டு என்று அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டு, திரையை இவர் பக்கம் திருப்பி... இருபது வருடமாக வியாபாரம் செய்கிறேன், லென்ஸ் கம்பெனிக்காரனிடம் ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருப்பேனா? வயிறு எரிந்தது, அது நிஜம், ஆனால் எழுந்து கை தட்ட வேண்டும் போலவும் இருந்தது, அதுவும் நிஜம், என்ன மனுஷி இவர், இத்தனை நாள் குளியலறை காலி என்று சொல்வதற்கு மட்டும்தான் இவர் வாயைத் திறக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

"கடைசியா ஒண்ணு, இந்தப் பணம் உங்களுக்கு எப்ப தேவைப்படும்?" இப்போது நான் இருமலாம், அத்தை ஒரு நிமிஷம் வெளியே வாங்க என்று கூப்பிடலாம், இதற்குப் பிறகு சந்தர்ப்பம் கிடையாது... "பதினஞ்சு வருஷம் கழிச்சு." ஆலோசகரின் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றன, அவள் என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது திருத்துவேன் என்பது போல. "மேடம், உங்க வயசுக்கு..." "அறுபத்தொண்ணு. பதினஞ்சு வருஷம்" என்றார் அத்தை மறுபடியும், இந்த முறை முகம் லேசாக என் பக்கம் திரும்பியிருந்தது. அறிவிப்பு முடிந்தது, இனி மேல்முறையீடு கிடையாது. மூலைக் கடை விஷயம் தெரியுமோ? மனைவி சொல்லியிருப்பாளோ? நான் கேட்கவே இல்லையே, கேட்காததற்கு எப்படி இவ்வளவு மரியாதையாக ஒரு மறுப்பு? அல்லது மறுப்பே இல்லையோ, எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையோ?

பதினைந்து வருடம். எனக்கு ஐம்பத்தேழு ஆகியிருக்கும், இரண்டாவது கடை நிலைத்து மூன்றாவதும் வந்திருக்கும், பெரிய வீடு, மாடியில் மகனுக்கு ஓர் அறை, கீழே எங்களுக்கு, வாசல் பக்கம் கணக்கு பார்க்க ஓர் அறை, எத்தனையோ முறை மனதுக்குள் கட்டி வைத்த வீடுதான், கண்ணை மூடினால் ஸ்விட்ச் எங்கே என்றுகூடத் தெரியும்... ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தேன். ஒன்றிலும் அத்தை இல்லை. நான் யாரையும் வெளியே அனுப்பவில்லை, சத்தியமாக, அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லை, ஆனால் அவர் பணத்தைக் கொண்டுபோய் அந்த வீட்டுச் சுவரில் வைத்தவன் அவரை எங்கே விட்டேன்? "அப்ப எழுபத்தாறு வயசுல என்ன பண்றதா இருக்கீங்க மேடம்?" என்று அந்தப் பெண் சும்மா, பேச்சுக்குக் கேட்டாள். அத்தை கண்ணாடியைக் கழற்றினார், முந்தானையால் துடைத்தார், வெட்கப்படுகிற மாதிரி இருந்தது, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார். நான் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன், அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கும் தெரியவில்லை.