வெண்ணெய்க் காபி குடித்துவிட்டு வெறும் வயிறு என்றவன்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. ஒருவன் தன் உடம்பைப் பற்றி மதியச் சாப்பாட்டு அறையில் கத்திக்கொண்டிருந்தான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படித்தான் கிடைத்தது.

அவன் பெயர் லோவல். தெற்கு ஒஹையோவில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் ராட்சத லாரிகளின் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறவன். அதே பட்டறையில் நான் வெல்டர். நான் எழுதுவேன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மூலவியாதிக்காரனைப் பொறுத்துக்கொள்வது போல என்னைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

"என்னைப் பத்தி எழுதுறியாமே?" என்று வந்து நின்றான்.

"உன்னைப் பத்தி இல்லப்பா. உன் கொலஸ்ட்ராலைப் பத்தி."

"அது என்ன பக்கத்து வீட்லயாடா இருக்கு? எனக்குள்ளதான இருக்கு!"

எழுதிக்கொள் என்றான். ஒரே ஒரு நிபந்தனை: கதையில் அவன் சாகக்கூடாது. ஒத்துக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியாது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'லோவலின் ரத்தக்குழாய்க்குள் மரணம் சத்தமில்லாமல் ஊர்ந்து—'

அடித்துவிட்டேன். அது மருத்துவமனைச் சுவரொட்டியில் வரும் வாக்கியம். இரண்டாவது:

'உடம்பு இளைத்து இடுப்பு பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டவனுக்கு இந்த உலகத்தில் என்ன குறை இருக்க—'

இதையும் விட்டேன். ஓட்டைகளைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான், ஆனால் அதில் கதை இல்லை.

என் சிக்கல் என்னவென்றால், கொலஸ்ட்ரால் வலிக்காது. விரல் நசுங்கினால் எழுதலாம். இடுப்பு பிடித்துக்கொண்டால் எழுதலாம். நான் வளர்ந்தது சுரங்கத் தொழிலாளி வீட்டில். எது வலிக்கிறதோ அதுதான் எங்களுக்கு வியாதி. வலிக்காததற்காக டாக்டரிடம் போவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. லோவலும் அப்படி வளர்ந்தவன்தான். அவனிடம் போய், நீ நன்றாக இருக்கிறாய், ஆனாலும் ஆபத்தில் இருக்கிறாய் என்றால் எப்படி நம்புவான்? வாசகர் எப்படி நம்புவார்?

3

(இந்தப் பகுதியைக் கடைசியில் வைத்திருந்தேன். முன்னால் கொண்டுவந்துவிட்டேன். இது தெரியாவிட்டால் லோவல் வெறும் பிடிவாதக்காரனாகத் தெரிவான்.)

லோவலுக்குச் சர்க்கரை இருந்தது. அவன் அண்ணன் கர்ட்டுக்கும் இருந்தது. கர்ட்டுக்கு முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை, அப்புறம் முழங்காலுக்குக் கீழே முழுவதையும். ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்குக் காரோட்டிப் போனவன் லோவல். மூன்றாவது முறை திரும்பி வரும்போது வண்டியில் ஒரு பூட்ஸ் தனியாகக் கிடந்ததாம். அதைப் பற்றி அதற்குமேல் அவன் பேசமாட்டான்.

அந்த வாரமே ரொட்டியை நிறுத்தினான். உருளைக்கிழங்கு, சோளம், கேக், பீர் எல்லாம் போயின. முட்டை, மாட்டிறைச்சி, பன்றிக்கொழுப்பு, பாலாடைக்கட்டி, வெண்ணெய் என்று இறங்கினான். வெள்ளிக்கிழமை தோறும் போர்மேன் டோனட் பெட்டி கொண்டுவருவார். லோவல் அதை ஒரு குச்சியால் தள்ளிவிட்டு உட்காருவான்.

"பாம்பாடா அது?" என்பான் கிரேன் ஓட்டும் டெல்.

"பாம்பு கடிச்சா மருந்து இருக்கு."

சர்க்கரை இறங்கியது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி டாக்டரே எழுதிக்கொடுத்தார். மூட்டு வலி போனது. ஏணியில் ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். அந்தச் சாப்பாடு அவனைக் காப்பாற்றியது. இதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும்.

4

ஆண்டுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தான். கொலஸ்ட்ராலும் கொழுப்பும் எகிறியிருந்த முடிவைப் பார்த்து டாக்டரம்மா ஹேன்லி கூப்பிட்டனுப்பினார். லோவலின் மனைவி ரோண்டாவும் கூடப் போனாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், வாய்க்குப் பூட்டில்லை. அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் கேட்டேன். அதனால் அவள் சொன்னபடியே:

"சாப்பிட்டுட்டு ரத்தம் குடுத்தீங்களா லோவல்?"

"இல்லங்க டாக்டர். வெறும் வயிறு."

"எதுவுமே சாப்பிடல?"

"காபி மட்டும்."

"பால், சர்க்கரை?"

"சேச்சே. அதையெல்லாம் நான் தொட்டே ரெண்டு வருஷம் ஆச்சு."

அப்போது ரோண்டா குறுக்கே விழுந்திருக்கிறாள். "வெண்ணெயைச் சொல்லுய்யா."

"அது சாப்பாடு இல்ல."

"கைப்பிடி வெண்ணெய் டாக்டர். மேல ரெண்டு கரண்டி தேங்காய் எண்ணெய். மிக்சியில போட்டு நுரையடிச்சுக் குடிக்கிறார். மீசையில ஒட்டினதை நாய் நக்குது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

* நம்பாதவர்களுக்கு: அவன் பொய் சொல்லவில்லை. மாவுச்சத்தை ஒதுக்கும் சாப்பாட்டுக்காரர்கள் மத்தியில் அது சட்டம். ரொட்டித் துணுக்கு வாயில் பட்டால் விரதம் முறியும். வெண்ணெய் ஒரு குவளை இறங்கினாலும் முறியாது, ஏனென்றால் சர்க்கரை ஏறுவதில்லை. அவர்கள் கணக்கில் அவன் பட்டினிதான் கிடந்தான். ரத்தம் எடுத்தவர்களின் கணக்கில் ஒரு விருந்தே சாப்பிட்டிருந்தான்.

5

அதன்பிறகு பட்டறையில் லோவலின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே.

"நம்பரே தப்பு! காபி பண்ண வேலை. எனக்கு ஒண்ணும் இல்ல."

"நீ வெண்ணெய் குடிச்சிட்டுப் போன, அவங்க வெண்ணெய் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க," என்றான் டெல். "அவங்களைக் குத்தம் சொல்ற பாரு!"

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நல்ல நகைச்சுவைக் கதை. ஒரு பத்திரிகைக்கு அனுப்பியும் இருப்பேன். ஆனால் டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார். இந்த முறை ரோண்டா மிக்சியைப் பேருந்திலேயே வைத்துப் பூட்டிவிட்டாள். தண்ணீரைத் தவிர எதுவும் அவன் வாயில் போகவில்லை.

முடிவு வந்தது. ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு, ட்ரைகிளிசரைடு என்பார்களே, அது அழகாக இறங்கியிருந்தது. காபி பண்ணிய கூத்து அதுவரைதான். கெட்ட கொலஸ்ட்ரால் முன்பைவிடக் கூடியிருந்தது. காபியின் கொழுப்பு கணக்கைக் குழப்பி அதைக் குறைத்துக் காட்டியிருக்கிறது என்றார் டாக்டர். நூற்றுக்குள் இருக்க வேண்டியது இருநூற்று நாற்பதைத் தாண்டி நின்றது.

அன்று லோவல் நேராகத் தன் வேலைமேசைக்குப் போனான். ஒரு கியர் பெட்டியைப் பிரித்தான். துடைத்தான். மறுபடி பூட்டினான். அதில் எந்தப் பழுதும் இருக்கவில்லை.

6

டாக்டர் ஹேன்லியை முதல் வரைவில் வில்லியாக்கியிருந்தேன். குளிர்ந்த கை, கடிகாரத்தைப் பார்க்கும் கண், பையில் மாத்திரைக் கம்பெனிக்காரன் கொடுத்த— (வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு டாக்டர்களைப் பிடிக்காது, அவ்வளவுதான்.)

அவர் சொன்னது இவ்வளவே: "ரொட்டியைத் திரும்பச் சாப்பிடச் சொல்லல லோவல். அதை விட்டது நல்லதுதான். வெண்ணெய்க்குப் பதிலா ஆலிவ் எண்ணெய் ஊத்துங்க. பன்றிக்கொழுப்புக்குப் பதிலா மீன், பாதாம், அவகாடோ. கீரை நிறைய. கூட கொலஸ்ட்ராலுக்கு ஒரு மாத்திரை. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

நியாயமான பேச்சு. எதை மறுப்பது? ஆனால் லோவலின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அவன் என்னிடம் சொன்னது:

"வெண்ணெய் இருக்கறதாலதான் எனக்குப் பசிக்கல. பசிக்காததாலதான் ரொட்டியைத் தொடல. அதுல ஒண்ணைக் கழட்டு, என்ன ஆகும்? பசிக்கும். ஒரு நாள் தாங்குவேன், பத்து நாள் தாங்குவேன். அப்புறம் ஒரு டோனட். அப்புறம் கர்ட் மாதிரி சக்கர நாற்காலி. அவங்க இதயத்தைப் பார்க்கிறாங்கடா. நான் என் காலைப் பார்க்கிறேன்."

"மீனும் பசியை அடக்கும்னாங்களே?"

"நீ தின்னு பாரு. தின்னுட்டு சுத்தியல் பிடி."

இங்கே நான் எழுத்தாளனாகத் தடுமாறினேன். யார் சரி? டாக்டர் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் லோவலின் பயமும் பொய்யில்லை. அது வண்டியில் கிடந்த பூட்ஸைப் பார்த்த பயம். அவன் அப்பா ஐம்பத்தி நாலு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். லோவலுக்கு இப்போது ஐம்பத்தி மூன்று. அப்பா போனதை அவன் பார்க்கவில்லை. அண்ணன் கால் போனதைப் பார்த்தான்.

7

கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்.

முதல் முடிவு: கல் ஏற்றும் கன்வேயரின் ஏணியில் லோவல் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறான். ஸ்பானர் கீழே விழும் சத்தம். (நிபந்தனையை மீறுகிறது. அதுவும் போக, சொன்னதைக் கேட்காதவனைக் கொன்று பாடம் சொல்வது சோம்பேறி எழுத்து.)

இரண்டாம் முடிவு: மூன்று மாதம் கழித்து எண்கள் இறங்குகின்றன. ரோண்டா சிரிக்கிறாள். (மாத்திரை விளம்பரம்.)

மூன்றாம் முடிவு: அவன் எதையும் மாற்றாமல் தொண்ணூறு வயது வரை— (நடக்கலாம். சிலருக்கு நடந்திருக்கிறது. அதை எழுதி, படிக்கிற உங்களில் ஒருவர் மாத்திரையைத் தூக்கி எறிந்தால் நான் என்ன செய்வது?)

மூன்றையும் கிழித்துவிட்டு நேற்று லோவலிடமே போனேன். "என்னதான் பண்ணப்போற?" என்றேன். அவன் அன்று காலை வீட்டில் நடந்ததைச் சொன்னான். கீழே இருப்பது அதுதான்.

8

ரோண்டா முட்டை பொரிக்க அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். வாணலி சூடானதும் கரண்டியை அவன் கையில் திணித்திருக்கிறாள்.

"நீயே செய்."

"ஏன், உனக்கென்ன?"

"இவ்வளவு நாளா நான்தான் உனக்கு வெண்ணெயில வதக்கிப் போட்டேன். நீ விழுந்தா, ஆக்கிப் போட்டவ நான். அந்தப் பழியைத் தூக்கிட்டு என்னால இருக்க முடியாது."

"அப்போ எண்ணெயில செய்யணுமா? நேரா சொல்லேன்."

"நான் எதையும் சொல்லல. வெண்ணெய் இருக்கு, எண்ணெய் இருக்கு. மாத்திரை அலமாரியில இருக்கு. உன் பயம் எனக்குப் புரியுதுய்யா. கர்ட்டுக்குக் கட்டு மாத்தினது நானும்தான். ஆனா இன்னிலேர்ந்து நீ எதுல சமைக்கிறியோ, அதைத்தான் நானும் சாப்பிடுவேன். எவ்வளவு ஊத்துறியோ அவ்வளவு."

"உனக்கெதுக்கு? உனக்கு ஒண்ணும் இல்லையே."

"உனக்கும் ஒண்ணும் இல்லன்னுதான சொல்ற?"

சொல்லிவிட்டுப் பேருந்துக் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்ட வெளியே போய்விட்டாள்.

லோவல் அடுப்பு முன்னால் நின்றிருக்கிறான். வாணலியிலிருந்து புகை வரத் தொடங்கியது என்றான். முட்டைகளை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றினானாம். முதலில் தனக்கு எடுக்கிற அளவு. பிறகு அவளுக்கும் சேர்த்து.

"அப்புறம்?" என்றேன்.

அந்த நேரம் பார்த்து குவாரியில் வெடி வைப்பதற்கான சங்கு ஊதியது. எல்லோரும் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். வெடி வெடித்தது, தூசி அடங்கியது, லோவல் தன் லாரிக்கடியில் புகுந்துவிட்டான்.

இன்று மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவன் ஒன்றைச் சொல்வான், நான் அதை எழுதுவேன், நீங்கள் அதைச் சரி என்பீர்கள் அல்லது தப்பு என்பீர்கள். உங்கள் வீட்டு அடுப்பு அப்படியே இருக்கும்.

அதனால் கதையை அந்தச் சமையலறையிலேயே நிறுத்துகிறேன். வாணலி காய்கிறது. வெளியே ரோண்டா கண்ணாடியைச் சுரண்டும் சத்தம் நின்றுவிட்டது, பூட்ஸைத் தட்டிக்கொண்டு படியேறி வருகிறாள். அவன் மேசையில் இரண்டு தட்டுகளை வைத்திருக்கிறான். அவளுடைய தட்டில் விழப்போவது எது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.