நான்கு சிவப்புப் புள்ளிகள்

வான்படங்களில் புள்ளி புள்ளியாக நிலத்தைப் பொருத்துவது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயரே புள்ளியம்மா. அன்று காலை பத்து மணிக்கு அவள் திரையில் நான்கு புள்ளிகள் சிவந்து நின்றன.

அடைமழை ஓய்ந்ததும், முந்தின நாள், மலைச்சரிவின் மேல் விமானம் பறந்து வந்திருந்தது. அதிலிருந்த கேமரா ஒரே சொடுக்கில் படம் பிடிப்பதில்லை. நிலத்தைக் கோடு கோடாக வாரிக்கொண்டே போகும். முன்னால், நேர் கீழே, பின்னால் என்று ஒவ்வோர் இடத்தையும் மூன்று முறை பார்க்கும். அந்த மூன்று பார்வையும் சந்திக்கும் இடம், போன வருடம் தரையில் அளந்து வைத்த அடையாளத்தோடு ஒத்துப்போக வேண்டும். மற்ற இடங்களிலெல்லாம் விரற்கடைகூடப் பிசகவில்லை. சரிவில் இருந்த நான்கு மட்டும் முக்கால் முழம் தள்ளி நின்றன.

சரிவுக்குக் கீழே எண்பது வீடுகள். அதில் ஒன்று அவள் அக்காவுடையது.

"விமானம் குலுங்கியிருக்கும். அந்த நாலையும் தூக்கிட்டு வேலையை முடிம்மா," என்றார் பிரிவுத் தலைவர். "பன்னெண்டு மணிக்கு அறிக்கை போகணும்."

"குலுங்கியிருந்தா பக்கத்துல இருக்கறதும் சேர்ந்து ஆடியிருக்கும் சார். இங்க சரிவு மட்டும்தான் ஆடியிருக்கு."

"அக்கா வீடு அங்க இருக்கு. அந்த பயத்துல பேசறே."

சுருக்கென்றது. ஒருவேளை அவர் சொல்வது மெய்தானோ?

விமானம் திரும்பும்போது குறுக்காக ஒருமுறை பறந்திருந்தது. அந்தப் படத்தை மட்டும் தனியாக எடுத்து, முதலிலிருந்து பொருத்தினாள். கம்ப்யூட்டர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. நடுவில் அக்கா போனில் அழைத்தாள்.

"சாப்பிட வர்றியாடி?"

"பாக்கறேன்க்கா," என்றாள். வாய்வரை வந்ததை விழுங்கினாள். உறுதியாகாமல் ஒரு வார்த்தை விட்டால் தெருவே கலவரமாகிவிடும்.

திரை நிரம்பியது. அதே நான்கு புள்ளிகள், அதே சிவப்பு.

"சார், நாலும் பள்ளத்தைப் பாத்துதான் நகர்ந்திருக்கு. ரெண்டு தடவையும் விமானம் சொல்லிவெச்ச மாதிரி ஒரே பக்கமா குலுங்குமா?"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான்கு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எல்லாரையும் கிளப்பிவிட்டு, அப்புறம் ஒண்ணும் விழலேன்னா ஊரே நம்ம மூஞ்சில துப்பும்."

"துப்பட்டும் சார். துடைச்சுக்கலாம்."

அவர் போனை எடுத்து, சரிவுக்குக் கீழே உள்ள வீடுகளைக் காலி செய்யும்படி ஆட்சியர் அலுவலகத்துக்குச் சொன்னார். அதன்பிறகே அவள் அக்காவை அழைத்தாள்.

"அப்படியே வெளிய வா. பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கோ. ஏன்னு கேக்காதே."

மாலைக்குள் தெரு காலியானது. மறுநாள் ஒன்றும் விழவில்லை. சமூகக் கூடத்தில் முடங்கிக் கிடந்தவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். இரண்டு பேர் அலுவலக வாசலுக்கே வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் சரிவு இறங்கியது. இருபத்தொரு வீடுகள் மண்ணுக்குள் போயின, அக்கா வீடும் சேர்த்து. உள்ளே ஒருவரும் இல்லை.

அவள் கூடத்துக்கு ஓடினாள். தங்கையின் கையைப் பிடித்த அக்கா, இருட்டும்வரை விடவேயில்லை.