மருந்து வைத்த சோறு

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அந்த வாயால் வந்த வினைதான் இது.

என் பெண்டாட்டி ரோஸி வீட்டைவிட்டுப் போய் ஒன்றரை வருஷமாகிறது. குடித்துவிட்டுக் கை நீட்டினேன், போய்விட்டாள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போனவள் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை தேடிக்கொண்டு, கே.கே. நகரில் அவள் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு, எங்கள் பெண் அனுவும் தனக்குத்தான் வேண்டும் என்று கேஸ் போட்டாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடலுக்குப் போய்த் திரும்புகிற எனக்கு, அந்த எட்டு வயதுப் பிள்ளையை விட்டால் வீட்டில் யார்? என் அக்கா கங்கம்மா இருக்கிறாள், மீன் விற்கப் போகிற நேரம் போக.

தீர்ப்பு வரும்வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் லஸ் பூங்காவில் ரோஸி பிள்ளையைப் பார்க்கலாம், நானும் கூட இருக்கலாம் என்று கோர்ட் சொன்னது. முதல் ஞாயிறே அவள் இறால் தொக்கும் சோறும் டப்பாவில் கட்டிக்கொண்டு வந்தாள். அனு வழித்து வழித்துத் தின்றாள். வீடு திரும்பியதும், "நைனா, நான் அம்மாகூடவே போய்டட்டா?" என்று கேட்டாள்.

வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன்.

"அவ சோத்துல மருந்து வெச்சிக்கீறா. இன்னும் நாலு வாய் துன்னீன்னா புத்தி மாறி அவ பின்னாடியே போய்டுவே. நைனா யாருன்னே தெரியாது உனுக்கு."

எங்கள் குப்பத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எவனாவது பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் போதும், மருந்து வைத்துவிட்டாள் என்பார்கள். நான் ஆத்திரத்தில் சொன்னேன். அக்கா அதை நிஜமாகவே நம்புகிறவள். மருந்து எடுக்கிற ஆளிடம் பிள்ளையைக் கூட்டிப்போனாள். அவன் வயிற்றில் குழாயை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஏதோ ஒன்றைத் துப்பிக் காட்டினான். அதோடு சரி. அன்றிலிருந்து அனு ரோஸி கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. அம்மா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். நான் தடுத்தேனா? உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், பாவி.

வருகிற வியாழக்கிழமை ஜட்ஜ் அனுவைத் தனியாகக் கூப்பிட்டு, யாரிடம் இருக்க ஆசை என்று கேட்கப்போகிறார். அதற்கு முந்தைய ஞாயிறு இன்று.

ரோஸி டப்பாவைத் திறந்தாள். அனு இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். ஆவிகூட உள்ளே போய்விடக் கூடாதாம்.

"இன்னா கண்ணு, ஏன் பொத்திக்கினு கீறே?"

"மருந்து."

ரோஸி ஒரு பிடி அள்ளித் தானே தின்றாள். "தோ பாரு, அம்மாவே துன்றேன். ஒண்ணியும் இல்ல."

"நீ மாத்து மருந்து துன்னுட்டு வந்திருப்பே. அத்தை சொல்லிச்சு."

ரோஸி அழுதாள். கையில் ஒட்டிய சோற்றைக்கூடத் துடைக்காமல் என் பக்கம் திரும்பினாள். "கேஸ்ல நீயே ஜெயிச்சிக்கோய்யா. புள்ள வாணாம்னு எழுதியே தர்றேன். என்னப் பாத்து பயப்படுதே, அத மட்டும் எடுத்துடுய்யா."

நான் அடித்த அன்றுகூட அவள் கெஞ்சியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வியாழக்கிழமை பிள்ளை என் பக்கம்தான், அது எனக்குத் தெரியாதா? இருந்தும் டப்பாவைப் பிடுங்கி அள்ளி அள்ளித் தின்றேன்.

"வாணாம் நைனா! துப்பு! துப்பு!" என்று அனு அலறினாள்.

காலி டப்பாவை வைத்துவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டேன்.

"பாத்தியா, இன்னா ஆச்சு எனுக்கு? மருந்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நைனா கோவத்துல பொய் சொல்ட்டேன். உங்கம்மா நல்லவ கண்ணு. தப்பு எம்மேலதான். போ, அம்மாகிட்ட போ."

அனு அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். இந்த ஒன்றரை வருஷத்தில் ரோஸியைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. கையை நீட்டினேன். பின்னால் நகர்ந்தாள். ரோஸியைப் பார்க்கிற அதே பார்வை இப்போது என்மேல் இருந்தது. சட்டென்று என் சட்டைப் பையிலிருந்து போனை உருவிக்கொண்டு எட்டப் போய் நின்றாள்.

"அத்தே, நைனாவுக்கும் மருந்து வெச்சிட்டா. துன்ன ஒடனே அவ பக்கம் பேசுது. நீ வந்து என்ன மட்டும் இட்டுக்கினு போ அத்தே."